சம்மதத்துக்கு என்ன விலை?

(கல்லூரி விடுதி மாணவர்கள் கூடிய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சேத்தன் பகத் எழுதிய ‘2 ஸ்டேட்ஸ்’ நாவலைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தலித் இலக்கியம் பேசுற இடத்துல இந்தப் புத்தகம் எதுக்கு என்று வாசலிலேயே ஒரு தோழர் முணுமுணுத்தார். எதுக்குன்னா, நம்ம பிள்ளைங்க இதைத்தான் படிக்கிறாங்க. பாமாவின் ‘கருக்கு’ பாடத்தில் இருந்தால் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். இதை யாரும் சொல்லாமலே, விடுதியில் கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியும் வரைக்கும் படிக்கிறார்கள். 2009-ல் ரூபா பதிப்பகம் வெளியிட்டது. 2014-ல் இந்திப் படமாகவும் வந்தது. எளிய இங்கிலீஷ், சின்னச் சின்ன வாக்கியம். நான் முழுசாப் படிச்சு முடிச்ச முதல் இங்கிலீஷ் புத்தகம் இதுதான் அண்ணே என்று ஒரு தம்பி சொன்னால் அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. வீட்டில் இங்கிலீஷே இல்லாமல் வளர்ந்த ஒருத்தன் ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் கொண்டுபோவது சின்ன விஷயம் இல்லை. அந்தப் புத்தகம் அவனுக்குக் காதலைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

படிக்காதவங்களுக்காகக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். அகமதாபாத் ஐ.ஐ.எம். டில்லியிலிருந்து வந்த பஞ்சாபிப் பையன் கிரிஷ் மல்ஹோத்ரா. சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பார்ப்பனப் பெண் அனன்யா சுவாமிநாதன். மெஸ் வரிசையில் சாம்பார் சரியில்லை என்று அவள் சண்டை போடும்போது ஆரம்பிக்கிறது பழக்கம். சேர்ந்து படிக்கிறார்கள், சேர்ந்து வாழ்கிறார்கள், படிப்பு முடிகிறது. அதற்கப்புறம்தான் கதையே. இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய அம்மாவுக்கு மதராசி என்றாலே ஆகாது. கறுத்த மதராசிப் பெண்கள் சிவந்த பஞ்சாபிப் பையன்களை வளைத்துப் போடுகிறார்கள் என்பது அவர் எண்ணம். இவளுடைய வீட்டில் பஞ்சாபி என்றால் கூச்சல், குடி, பண்பாடு இல்லாத கூட்டம். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ள மாட்டோம், பெற்றவர்கள் சிரித்த முகத்தோடு வந்து நிற்கும் கல்யாணம்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்கிறார்கள். அதற்காகப் பாடுபடுகிறார்கள். கடைசியில் சென்னையில் கல்யாணம் நடக்கிறது.

நான் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆள் பிறத்தியாரைப் பழிக்கும் அந்தக் குடும்பப் பேச்சை எழுத்தாளர் நன்றாகவே பிடித்திருக்கிறார். அவரும் அகமதாபாத்தில் படித்தவர், கூடப் படித்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அனுபவம் இருக்கிறது.

ஆனால் இந்த நாவல் எதை ‘வித்தியாசம்’ என்று சொல்கிறது, பாருங்கள். சாப்பாடு வேறு, பாஷை வேறு, சங்கீதம் வேறு, தோல் நிறம் வேறு. இரண்டு பேரும் முற்றிலும் மாறுபட்டவர்கள் என்று நம்மை நம்ப வைக்கிறது. இரண்டு பேரும் ஒரே நுழைவுத் தேர்வு எழுதி ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் சொந்தச் சாதியின் மேல் சந்தேகம் இல்லை. இரண்டு வீட்டாரும் ஊரில் இருப்பவர்கள். யாரும் சேரியில் இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு பாதை கிடக்கிறதே, சில இடத்தில் சுவரும் நிற்கிறதே, அதைத் தாண்டும் காதல் இந்தப் பிரதியில் இல்லை. தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் இடையில் அரைக் கிலோமீட்டர். எது தூரம்?

அந்தக் கோழிக்கறி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அனன்யா தன் சாதிச் சுத்தத்தைத் தானே கேலியாகச் சொல்லிக்கொண்டு கோழி சாப்பிடுகிறாள், பீர் குடிக்கிறாள். படிக்கிறவனுக்குப் பெரிய புரட்சியாகத் தெரியும். ஒரு பார்ப்பனப் பெண் தட்டில் கோழி ஏறினால் அது சுவாரசியமான மீறல். நம்ம தட்டில் இருப்பது ஏறினால் என்ன ஆகும்? 2012-ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக்கறி விழா நடத்தியபோது கலவரம். 2017-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி சாப்பிட்டதற்காக ஒரு ஆராய்ச்சி மாணவரின் கண் அடிபட்டுப் போனது. அடுத்த வருசமே, 2018 டிசம்பரில், அதே வளாகத்து மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்தபின் எடுத்தார்கள். சாம்பார் ருசிக்காகச் சண்டை போடும் நாயகிக்கு இந்த வாசல்கள் தெரியாது. அவளுக்கு எல்லா வாசலும் திறந்திருக்கிறது.

இனி நாவலின் இதயத்துக்கு வருகிறேன். சம்மதம்.

கிரிஷ் எப்படிச் சம்மதம் வாங்குகிறான்? வங்கி வேலையைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு வருகிறான். அனன்யாவின் தம்பிக்கு விடிகாலையில் போய் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அவளுடைய அப்பாவும் வங்கி அதிகாரி, அவருக்குக் கம்ப்யூட்டரில் அறிக்கை தயாரிக்க வரவில்லை, இவன் உட்கார்ந்து செய்து கொடுக்கிறான். அம்மா கர்நாடக சங்கீதம் படித்தவர், மேடை கிடைக்காத ஏக்கம் அவருக்கு. தன் வங்கி நடத்தும் கச்சேரியில் பெரிய பாடகர்களோடு அவரைப் பாட வைக்கிறான். கடைசியில் குடும்பத்தில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மோதிரம். மறுபக்கம், டில்லியில் அவன் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டு முறுக்கிக்கொண்டு நிற்கும்போது அனன்யா பேசிச் சமாளித்து அந்தக் கூட்டத்தின் மதிப்பைப் பெறுகிறாள்.

தோழர்களே, இது வியாபாரம். கெட்ட வார்த்தையாகச் சொல்லவில்லை. கையில் சரக்கு இருக்கிறது, எதிராளி வாங்கிக்கொள்கிறார். ஐ.ஐ.டி. கணக்கு, வங்கிப் பதவி, மேடை, மோதிரம். இதையெல்லாம் கொடுத்தால் ஒரு பார்ப்பனக் குடும்பம் ஒரு பஞ்சாபியை மருமகனாக ஏற்றுக்கொள்ளும் என்பது நாவலின் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். இன்றைக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் எத்தனையோ குடும்பங்களில் அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் இதில் ஒன்று கவனியுங்கள். சரக்கைக் கொடுப்பதற்கு முன்னால் அவன் வீட்டுக்குள்ளே போகிறான். கூடத்தில் உட்காருகிறான், இலை போட்டுச் சாப்பிடுகிறான், விடிகாலையில் அவர்கள் பிள்ளையின் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறான். பிடிக்காவிட்டாலும் உள்ளே விடுகிறார்கள். நம்ம பையன் அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டாலே ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று முதல் கேள்வி வருகிறது. வாசப்படியே தாண்ட முடியாதவன் எந்தத் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான்? எந்த அம்மாவுக்கு மேடை வாங்கிக் கொடுப்பான்?

‘படிச்சு, வேலைக்குப் போயி, சம்பாதிச்சா அவங்களே மதிப்பாங்க அண்ணே’ என்று சொல்வீர்கள். நானும் இந்த வார்த்தையை விடுதிகளில் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறேன். முருகேசன் வேதியியல் பொறியியல் படித்தவர். கண்ணகி வணிகவியல் படித்தவர். இரண்டு பேரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். விருத்தாசலம் பக்கம் ஒரே ஊர். அவர் காலனி, அவர் காதலித்த பெண் வன்னியர் தெரு. 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வெளியில் சொல்லாமல் பிரிந்தே இருந்தார்கள். ஜூலை 8-ம் தேதி ஊர் முன்னிலையில் இரண்டு பேருக்கும் மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஆளாளுக்கு அவரவர் பிள்ளையைக் கொன்றுகொண்டார்கள் என்று போலீஸ் வழக்கை ஜோடித்தது. சி.பி.ஐ. விசாரணைக்குப் போய், தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. பதினெட்டு வருசம். 13 பேருக்குத் தண்டனை, அதில் போலீஸ்காரர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

இதுதானே தோழர்களே ஒரு கல்லூரிக் காதல் கதை? இரண்டு மாறுபட்ட மாணவர்கள், ஒரே பல்கலைக்கழகம், பெற்றோர் எதிர்ப்பு. ‘2 ஸ்டேட்ஸ்’ கதைச் சுருக்கமும் இதுவேதான்.

சங்கரும் கௌசல்யாவும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரே பொறியியல் கல்லூரி. 2015 ஜூலையில் கல்யாணம், 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் பக்கத்தில் பட்டப்பகலில் வெட்டு. கோகுல்ராஜ் பொறியியல் முடித்தவர். கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக 2015 ஜூனில் கடத்தி, தலை வேறு உடல் வேறாகத் தண்டவாளத்தில் போட்டார்கள். அவர்கள் காதலித்தார்களா என்பதுகூட யாருக்கும் தேவைப்படவில்லை, பேசியதே போதுமாக இருந்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின். மென்பொருள் பொறியாளர். நல்ல சம்பளம். நாவல் நாயகனுக்கு வேலை எதைத் திறந்துவிட்டதோ, கவினுக்கு அதே மாதிரியான வேலை ஒன்றையும் திறக்கவில்லை.

அப்படின்னா பிரச்சினை நம்மகிட்ட சரக்கு இல்லாதது இல்லை. சரக்கு வந்துவிட்டது. கடையை நமக்குத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். இன்னும் சொல்லப்போனால், சரக்கு வந்ததுதான் அவர்கள் ஆத்திரமே. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்தபோது எதை எரித்தார்கள்? வீட்டோடு பீரோ, கட்டில், டி.வி., மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் சான்றிதழ். பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்துச் சேர்த்தது. அதைத் தொடர்ந்து ‘நாடகக் காதல்’ என்று ஒரு சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி நம்ம பையன்கள் பெண்களை மயக்குகிறார்களாம். கிரிஷ் மல்ஹோத்ரா ஜீன்ஸ் போட்டால் நாயகன். இளவரசன் போட்டால் நாடகம். 2013 ஜூலை 4-ம் தேதி அந்தப் பையனின் உடல் தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் கிடந்தது. கல்லூரிக்குப் பின்னால் என்பதை நான் மறக்க முடியாமல் கிடக்கிறேன்.

ஓடிப்போக மாட்டோம் என்று அவர்கள் எடுக்கும் முடிவுக்குத் திரும்பி வருகிறேன். அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது, மறுக்கவில்லை. அம்மா அப்பாவை அழ வைத்துவிட்டு எனக்கு மட்டும் என்ன சந்தோஷம் என்கிற மனசு. நம்ம பிள்ளைகளுக்கும் அந்த மனசு உண்டு. கூலி வேலை செய்து படிக்க வைத்த அம்மாவை விட்டுவிட்டு ஓட யாருக்குத்தான் ஆசை? ஆனால் பெற்றவர் சம்மதத்தோடு நடப்பதுதான் முழுமையான காதல் என்று ஒரு வெகுசன நாவல் லட்சக்கணக்கான பேருக்குச் சொல்லும்போது, சம்மதம் கிடைக்கவே வழியில்லாதவர்களின் காதல் அரைகுறை ஆகிவிடுகிறது. ஓடுகிறவன் பொறுமை இல்லாதவன், பெற்றவரை மதிக்காதவன் என்றாகிவிடுகிறது. நம்ம ஆட்கள் ஓடுவது பொறுமை இல்லாமல் அல்ல. உயிர் பிழைக்க.

அனன்யாவுக்குக் கெட்டது நடந்தால் என்ன நடக்கும்? அம்மா பேச மாட்டார். அமெரிக்க மாப்பிள்ளை ஒருத்தனைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். சாதி அவளையும் காவல் காக்கிறது, ஆனால் வெட்ட வரவில்லை. கௌசல்யாவைப் பாருங்கள், தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்து, தன் அப்பாவுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அப்பாவுக்கு மரண தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சம்மதத்துக்கான போராட்டம் என்று நாவலில் படிக்கிறோமே, அந்தச் சொல் இந்தப் பெண்ணுக்கு முன்னால் வாய் திறக்க முடியாது.

இன்னொன்று, தங்கச்சிகளுக்காக. மேலே சொன்ன கதை எல்லாவற்றிலும் பையன் நம்ம பையன், பெண் ஆதிக்க சாதி. நேர்மாறாக இருந்தால் பெரும்பாலும் பத்திரிகையில் செய்தியே வராது. பெண் சேரிப் பெண்ணாக இருந்து, பையன் ஊர்ப் பையனாக இருந்தால், அரிவாளைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். மூணு வருசம் பேசிப் பழகிவிட்டு, படிப்பு முடிந்ததும் ‘எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க’ என்று ஒரே வரியில் போய்விடுவான். பாருங்க, அங்கேயும் அதே சம்மதம். ஒருத்தனுக்குப் போராடிப் பெறும் பரிசாக இருப்பது இன்னொருத்தனுக்குத் தப்பித்துப் போக வாகான சாக்கு. அகமதாபாத் கதையைப் படித்து அழுத எத்தனை ஊர்ப் பையன்கள் இந்தச் சாக்கைச் சொல்லியிருப்பார்கள்!

நம்ம வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது, கோபப்படாதீர்கள். பறையர் வீட்டுப் பிள்ளை அருந்ததியர் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றால், பள்ளர் வீட்டில் புதிரை வண்ணார் வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்தால், நம்ம தெருவில் என்ன பேசுகிறோம்? மேடையில் தலித் ஒற்றுமை, வீட்டில் ‘அவங்க வேற ஆளுங்க’. அங்கேயும் ஒரு கிரிஷ் மோதிரம் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டுமா?

அண்ணல் இதை 1936-லேயே பேசிவிட்டார். பஞ்சாபிலிருந்துதான் அழைப்பு வந்தது. லாகூரில் சாதியை ஒழிக்கப் புறப்பட்ட ஜாத் பாத் தோடக் மண்டல். உரையைப் படித்துப் பார்த்து மிரண்டு கூட்டத்தையே ரத்து செய்தார்கள். அவர் சொந்தச் செலவில் அச்சடித்து வெளியிட்டார். அதில் கலப்பு மணம்தான் சாதியைக் கரைக்கும் மருந்து என்கிறார். அங்கேயே நிற்கவில்லை. ஏன் மக்கள் கலப்பு மணம் செய்துகொள்ள மறுக்கிறார்கள்? அவர்கள் நம்பும் சாஸ்திரம் அதைத் தப்பு என்கிறது, ஆகவே சாஸ்திரத்தின் அதிகாரத்தை உடையுங்கள் என்கிறார். சேத்தன் பகத் நாவல் சாஸ்திரத்தைத் தொடவே இல்லை. புரோகிதரும் முகூர்த்தமும் அப்படியே இருக்க, உள்ளே ஒரு பஞ்சாபி மட்டும் கூடுதலாக உட்காருகிறான்.

அகமதாபாத் என்றதும் எனக்கு வேறொரு குடும்பம் ஞாபகத்துக்கு வருகிறது. 1915-ல் அதே ஊரில் கோச்ரப் ஆசிரமத்தில் காந்தி, தூதாபாய், தானிபென் என்ற தீண்டப்படாத தம்பதியையும் அவர்கள் குழந்தை லட்சுமியையும் சேர்த்துக்கொண்டார். உடனே நன்கொடை நின்றது. கிணற்றில் தண்ணீர் எடுப்பதில் தகராறு. ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு. மில் முதலாளி அம்பாலால் சாராபாய் 13,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் மகன் விக்ரம் சாராபாய் முன்நின்று 1961-ல் உருவாக்கியதுதான் நம்ம கதை நடக்கும் ஐ.ஐ.எம். காந்தியோடு நமக்குள்ள வழக்கு தனி, பூனா ஒப்பந்தத்தை மறந்துவிட்டுப் பேசவில்லை. அந்த ஊரில் ‘யாரோடு சேர்ந்து வாழ்வது’ என்ற கேள்வி வந்தபோது அது சாம்பார் ருசியாக வரவில்லை, கிணறாக வந்தது என்பதைச் சொல்லத்தான் சொன்னேன்.

விடுதிப் பிள்ளைகள் என்பதால் உபயோகமான சில விவரங்களையும் சொல்லிவிட வேண்டும். இதை எந்தக் காதல் நாவலும் சொல்லாது. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது அலுவலகத்தில் ஒட்டப்படும், முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஒட்டிய மறுநாளே ஊருக்குச் செய்தி போய்விடும். முப்பது நாள் எங்கே ஒளிவது? இரண்டு பேரும் இந்து என்றால், அண்ணா காலத்தில் 1967-ல் கொண்டுவந்த திருத்தம், 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. புரோகிதர் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பகிரங்கமாக ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருத்தர் கிறிஸ்தவர் என்றால் இந்த வழி அடைபடும், நம்மில் பாதிப் பேருக்கு அதுதான் சிக்கல். மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களையும் சேர்த்துச் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அந்த எண் வேலை செய்கிறதா என்று காதல் வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

கடைசியா, நாவல் என்ற வடிவத்தைப் பற்றி. 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’ படம் வந்தபோது திருநெல்வேலிச் சட்டக் கல்லூரி வகுப்பறையில் இங்கிலீஷ் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பையனையும், அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வரும் ஜோவையும் பார்த்து எத்தனை பேர் ‘இது நான்தான்’ என்றார்கள். கல்யாண வீட்டுக்கு அவள் கூப்பிட்டுத்தான் போகிறான், உள்ளே வைத்து அடிக்கிறார்கள். அந்தப் படம் வலியைச் சொன்னது, சரி. எனக்கு இன்னும் ஒரு ஆசை பாக்கி இருக்கிறது.

‘2 ஸ்டேட்ஸ்’ முதல் ஐம்பது பக்கம் இருக்கிறதே, அந்தக் கிண்டல், அந்த மெஸ் சண்டை, பரீட்சைக்கு முந்தின ராத்திரி, பைசா இல்லாமல் ஊர் சுற்றுவது, அதெல்லாம் ஒரு காதலுக்கு உரிமைப்பட்டது. முருகேசனுக்கும் கண்ணகிக்கும் அப்படி ஐம்பது பக்கம் இருந்திருக்காதா? ஒரே ஊர்க்காரர்கள், சிதம்பரத்தில் படித்தவர்கள். ஊரில் முகம் பார்க்காதது போல நடந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் எப்படிப் பேச ஆரம்பித்தார்கள்? யார் முதலில் சிரித்தது? யார் யாரைக் கேலி செய்தது? குற்றப்பத்திரிகையில் அது இல்லை, தீர்ப்பிலும் இல்லை. எப்படிச் செத்தார்கள் என்பது மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. நம்ம காதல் நமக்கு எஃப்.ஐ.ஆர். நடையில் மட்டுமே கிடைக்கிறது. கொலைதான் அதன் முதல் வரி. நம்ம எழுத்தாளர்களும், என்னையும் சேர்த்து, அந்த முதல் வரியிலிருந்தே எழுதப் பழகிவிட்டோம்.

இந்த அறையில் யாருக்காவது அந்த ஐம்பது பக்கம் தெரிந்திருக்கும். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், ஊரை மாற்றிக்கொள்ளுங்கள், எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். பத்திரிகையில் இடம் இருக்கிறது. கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு என்று சொன்னார்கள், கேள்வி இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள்.